உடலுக்குள் ஓர் அமானிதம்

மனிதன் படைத்த கருவிகள் எண்ணற்றவை. ஏரும் எழுதுகோலும் கையோடு நிற்பவை. மூக்குக் கண்ணாடி முகத்தோடு நிற்பது. தோலைத் திறந்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, 'இனி இதை நம்பி நீ உறங்கலாம்' என்று ஒரு நோயாளியிடம் சொல்லத்தக்க கருவிகள் மிகச் சிலவே. கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் மனித அறிவு ஈன்ற புதுமைகளுள் இவை தலையாயவை என்பது நம் கருத்து.

இதயத்துக்கும் சிறுநீர் உறுப்புகளுக்கும் உரிய உட்பொருத்து கருவிகளை ஈண்டு ஒருசேர எடுத்துக்கொள்கிறோம். இவ்விரண்டையும் இணைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதயத்தைக் கவிஞர் பாடுவர். சிறுநீர்க் கோளாற்றைப் பெற்ற பிள்ளையிடமும் சொல்லக் கூசுவோம். அந்த வேறுபாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தமிழ்த்துறை மலரில் மருத்துவப் பொறிக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கும் விடை பின்னே உண்டு.

இதயமுடுக்கியின் கதை

1957 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் மின்னியாப்பொலிஸ் நகரில் மின்தடை ஏற்பட்டது. இதய அறுவைக்குப் பின் குழந்தைகளின் நாடித்துடிப்பைக் காத்துவந்த முடுக்கிகள் அந்நாளில் சுவரிலிருந்த மின்சாரத்தையே நம்பி இயங்கின. மின்சாரம் நின்றால் குழந்தையின் துடிப்புக்குப் பாதுகாப்பில்லை என்பது அன்று வெளிப்பட்டது. அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லெஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஏர்ல் பக்கன் என்னும் பொறியாளரிடம் தீர்வு கேட்டார். இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் மின்சுற்று ஒன்றை இதழொன்றில் கண்டிருந்த பக்கன், அதனையே மாற்றியமைத்து, மின்கலத்தால் இயங்கும் கையடக்க முடுக்கியைச் சில வாரங்களுக்குள் செய்துகொடுத்தார்.

அதுவும் உடலுக்கு வெளியே இருந்ததுதான். உடலுக்குள் முடுக்கி சென்றது 1958 அக்டோபர் 8 ஆம் நாள், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில். ஆர்னே லார்சன் என்னும் 43 அகவையினர் இதயத் துடிப்புத் தடைப்பட்டு நாளொன்றுக்குப் பலமுறை நினைவிழந்து வீழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்சே மேரி, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் ஆகிய இருவரிடமும் சென்று மன்றாடினார். 'மனிதருக்குப் பொருத்தத்தக்க கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை' என்ற மறுமொழியோடு அவர் திரும்பிவிடவில்லை. எல்ம்குவிஸ்ட், காலணிக்குப் பூசும் மெருகுக் களிம்பு வரும் தகரக் குப்பியை அச்சாகக் கொண்டு, பிசினுக்குள் மின்சுற்றை வார்த்தெடுத்தார். முதற்கருவி சில மணி நேரத்தில் நின்றது, இரண்டாவது பொருத்தப்பெற்றது. லார்சன் தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முடுக்கிகளை மாற்றிக்கொண்டு, தமக்குக் கருவி செய்தவரும் பொருத்தியவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001 இல் தம் 86 ஆம் அகவையில் காலமானார்.

இக்கதையில் மூவரைக் காண்கிறோம்: நோயின் துயரைச் சொல்பவர் ஒருவர், உடலை அறிந்தவர் ஒருவர், கருவியை அறிந்தவர் ஒருவர். இம்மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தபோதுதான் கண்டுபிடிப்பு பிறந்தது. நம் கல்விக்கூடங்களிலோ மருத்துவம் ஓர் ஊரிலும், பொறியியல் வேறோர் ஊரிலும், நோயாளி மருந்தகத்தின் வரிசையிலுமாக நிற்கின்றனர்.

தோற்றுத் தோற்று வென்ற வால்வு

'இவை மேலை நாட்டார்க்கே இயலும்' என்று கூறுவோர்க்கு நம் அண்டை நகராகிய திருவனந்தபுரத்தைக் காட்டலாம். இளமையில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டுக் காய்ச்சலாக வளர்ந்து, இறுதியில் இதய வால்வைச் சிதைக்கும் நோய் ஏழைப் பிள்ளைகளையே மிகுதியும் பற்றுவது. வெளிநாட்டு வால்வின் விலை அவர்கட்கு எட்டாதிருந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் எம். எஸ். வலியத்தான், இந்தியாவிலேயே செயற்கை வால்வு செய்ய முனைந்தார்.

முதல் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன. ஒன்றில் உலோகத் தாங்கியின் பற்றிணைப்பு விரிசல் கண்டது. பிறிதொன்றில் கடினத்துக்குப் பேர்பெற்ற நீலக்கல் வட்டு உடைந்தது. நான்காம் மாதிரியில்தான், உறுதிமிக்க பாலித்தீன் வகையால் ஆன வட்டினை உலோகக் கலவைக் கூட்டில் அமைத்து வெற்றி கண்டனர். 1990 டிசம்பரில் அது முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பெற்றது. சென்னையைச் சார்ந்த டி. டி. கே. குழுமம் அதனை உற்பத்தி செய்தது. இன்றைக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வால்வினைப் பெற்றுள்ளனர். வலியத்தான் அவர்கள் 2024 இல் மறைந்தார்.

மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை முறையும் திறந்து மூடவேண்டிய வட்டு ஒரேயொரு முறை பிழைத்தாலும் உயிர்க்கு ஏதம். எனவே இத்துறையில் தோல்வி இழிவன்று; தோல்வியை ஆய்வுக்கூடத்திலேயே கண்டுபிடிக்காமல் நோயாளியின் நெஞ்சில் கண்டுபிடிப்பதுதான் இழிவு.

இராமேசுவரத்தில் பிறந்த ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் அவர்களும் ஏவுகணைப் பணியினூடே இதய மருத்துவர் சோமராஜுவுடன் கூடி, தமனியை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட்டினைக் குறைந்த விலையில் உருவாக்கியதை நாம் அறிவோம். ஏவுகணைக்கென ஆக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, போலியோவால் கால் நலிந்த குழந்தைகட்கு இலேசான தாங்கியைச் செய்வித்ததையே தமக்குப் பேரின்பம் தந்த பணிகளுள் ஒன்றாக அவர் பன்முறை குறிப்பிட்டதுண்டு.

வாய்விட்டுச் சொல்லாத நோய்

இனி, பேசக் கூசும் பகுதிக்கு வருவோம். புராஸ்டேட் சுரப்பி அறுவைக்குப் பின்னும், முதுகுத்தண்டு அடிபட்ட பின்னும், பெண்டிர்க்கு மகப்பேற்றுக்குப் பின்னும், சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றுதல் உண்டு. இந்நோய் உயிரை வாங்குவதில்லை, வாழ்வை வாங்கிவிடுகிறது. முதல் வரிசையில் நின்று தொழுத பெரியவர் ஒருவர் திடீரெனப் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தினால், 'முழங்கால் வலி' என்று வீட்டார் சொல்வர். உண்மைக் காரணம் பலவேளை வேறாக இருக்கும். ஆடையில் ஈரம் படுமோ, அருகில் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்னும் அச்சமே அவரை வீட்டில் அமர்த்திவிடுகிறது.

இத்தகையோர்க்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தபின் புதிதாக ஒளு செய்து தொழலாம் என்று சட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மார்க்கம் எளிதாக்கியதை நாணம் கடினமாக்கிவிட்டது.

மருத்துவமும் வாளாவிருக்கவில்லை. 1972 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிராண்ட்லி ஸ்காட் என்னும் மருத்துவர் செயற்கைச் சுருக்குத்தசையை முதன்முதலாகப் பொருத்தினார். இன்றும் அதன் மேம்பட்ட வடிவம் பயன்பாட்டில் உள்ளது. சிறுநீர் வழியைச் சூழ்ந்து நீர் நிறைந்த ஒரு பட்டை. தோலுக்கடியில் விரலால் அழுத்தத்தக்க சிறு குமிழ். வயிற்றினுள் அழுத்தத்தைக் காக்கும் ஒரு சிறு பலூன் - இம்மூன்றே உறுப்புகள். குமிழை அழுத்தினால் பட்டையிலுள்ள நீர் பலூனுக்குச் செல்லும்; வழி திறக்கும்; சில நிமிடங்களில் நீர் தானே திரும்பிப் பட்டையை இறுக்கும். மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புக்கு மெல்லிய மின்தூண்டல் தந்து சிறுநீர்ப்பையை நெறிப்படுத்தும் கருவிக்கு 1997 இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதுவும் இதயமுடுக்கியின் உடன்பிறப்பே.

எனினும், இதயமுடுக்கியின் பெயரைக் கேள்வியுறாதார் நம் ஊர்களில் அரியர். செயற்கைச் சுருக்குத்தசையின் பெயரைக் கேட்டோரும் அரியர். நோயாளி கேளாத கருவியை வணிகன் கொண்டுவரான். வணிகம் இல்லாத கருவியைப் பொறியாளன் எண்ணான். ஆகவே ஏழைக்கேற்ற விலையில் அதனைப் படைக்கும் முயற்சி நம் நாட்டில் போதிய அளவு பெருகவில்லை. நாணம் இங்கே வெறும் மனநிலையாக நில்லாமல் அறிவியலின் கதவையே அடைத்துவிடுகிறது என்போம்.

தமிழ்த்துறைக்கு உரிய பணி

முன்னர்ச் சொன்ன வினாவுக்கு இங்கு விடை கூறலாம். ஒரு துன்பத்தைக் கண்ணியமாகச் சொல்ல மொழியில் சொல் இருந்தால்தான் நோயாளி வாய்திறப்பார். 'அங்கே', 'கீழே', 'அது' என்னும் சுட்டுச் சொற்களால் மருத்துவர் நோயறிய இயலாது. கொச்சையும் ஆகாமல், அகராதியில் மட்டும் உறங்குவதும் ஆகாமல், முதியோரும் மகளிரும் சொல்லத்தக்க சொற்களை வழக்கில் ஊன்றுவது தமிழ் பயில்வோர் கடன்.

மற்றுமொரு சான்று காண்போம். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான குழாயில் அடைப்பு நேர்ந்தால், இருமுனையும் வளைந்த மெல்லிய ஸ்டென்ட் ஒன்றை உள்ளே வைப்பர். 1978 முதல் வழக்கிலுள்ள இக்கருவி பெரும்பாலும் தற்காலிகமானது. மருத்துவர் குறித்த தவணையில் எடுத்தாக வேண்டியது. வலி தீர்ந்ததும் நோயாளி அதனை மறந்துவிட்டால், அதன்மீதே கல் படிந்து சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். 'உங்கள் உடலுக்குள் ஒரு குழாய் உள்ளது. இன்ன நாளில் அதனை எடுக்க வாருங்கள்' என்று தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில், ஓர் அட்டை கொடுத்தால் போதும். ஒரு சிறுநீரகம் பிழைக்கும். அவ்வட்டையை எழுதத் தமிழாசிரியரைக் காட்டிலும் தக்கார் யாவர்?

அமானிதம் என்னும் நெறி

புதுமை எல்லாம் நன்மையே என்று நாம் வாதிடவில்லை. 1979 இல் விற்பனைக்கு வந்த ஒருவகை பியோர்க்-ஷைலி வால்வு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குப் பொருத்தப்பெற்றது. அதன் தாங்கி முறிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1986 இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பெண்டிர்க்கு உறுப்பு இறக்கம் நீக்க அகவழியாகப் பொருத்தப்பட்ட வலைகள் பலருக்குத் தீரா வலியைத் தந்தமையால், 2019 இல் அமெரிக்க அரசு அவற்றின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது.

மருந்து ஒவ்வாவிடில் மறுநாள் நிறுத்தலாம். உள்ளே தைத்த கருவியை அவ்வாறு நிறுத்த முடியாது. நோயாளி அதனைக் காணவும் இயலாது, சோதிக்கவும் இயலாது. ஆகவே உட்பொருத்து கருவி விற்பனைப் பொருளாவதற்கு முன் அமானிதமாகிறது. பிறர் காணாத இடத்தில் வைத்த பொருளுக்கு இறைவனிடம் பதில் சொல்லவேண்டும் என்னும் அச்சம் உள்ளவரே இத்தொழிலுக்கு உரியவர். விலையும் இவ்வமானிதத்தின் ஒரு பகுதியே. 2017 பிப்ரவரியில் நம் அரசு, மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் என உச்சவிலை வகுத்தபோதுதான், அதுவரை எத்தனை மடங்கு கொடுத்து வந்தோம் என்பதை மக்கள் உணர்ந்தனர்.

வேண்டுகோள்

நம் முன்னோர் பெருமையைப் பேசாத மேடையில்லை. கொர்தோவாவின் அல்-ஸஹ்ராவி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றும் முறையையும், அறுவைக் கருவிகளின் வரைபடங்களையும் எழுதிவைத்தார். 13 ஆம் நூற்றாண்டில் இப்னு அந்-நஃபீஸ், குருதி இதயத்தின் வலப்புறமிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என நிறுவினார். ஒருவர் சிறுநீர் உறுப்பையும் மற்றவர் இதயத்தையும் ஒத்த மதிப்போடு ஆய்ந்தனர்; எதனையும் இழிவென்று ஒதுக்கவில்லை. இப்னு அந்-நஃபீஸ் தம் இல்லத்தையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச்சென்றார். அம்மருத்துவமனையும் வக்ஃபு வருவாயால் நடந்ததே.

அந்த வழியிலேயே நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். நோயுற்ற ஒருவர்க்குக் கருவி வாங்கப் பொருளுதவி செய்வது நன்று. அதனைக் கைவிட வேண்டா. அதனோடு, மருத்துவரும் பொறியியல் மாணவரும் நோயாளியும் ஒன்றுகூடும் சிறிய பட்டறை ஒன்றுக்கும் அறக்கட்டளை நிறுவுங்கள். கடைசலும் அளவுகருவியும் சில மேசைகளும் அதற்குத் தொடக்கம். அங்கே செய்யும் பத்தில் ஒன்பது தோற்கலாம். தோல்விக்கு இடங்கொடுக்கும் அறமே கண்டுபிடிப்பைப் பெறும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து முதியவர் பள்ளிவாசலுக்குச் செல்வதைக் குறைத்திருந்தால் அருகமர்ந்து மெல்லக் கேளுங்கள். அவர் தயங்கிச் சொல்லும் ஒரு சொல்லில் நாளைய கருவி ஒன்றின் வித்து இருக்கலாம். நோய்க்கு மருத்துவம் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்க, தேடாதிருப்பது பணிவாகாது.

கேட்கும் செவியையும், ஆக்கும் கையையும், அமானிதம் காக்கும் நெஞ்சையும் வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அருள்வானாக!