28 நாள் மாதம்!

ஆண்டுக்கு 12 மாதம் என்கிறது பஞ்சாங்கம். இல்லை, 13 என்கின்றன கைப்பேசிக் கம்பெனிகள்! தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குள் காலையில் நுழையும் தொழிலாளிக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. அவர் கைப்பேசிக்குக் கட்டும் பணமோ 28 நாளைக்கு ஒரு முறை. 28ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள், 364 வரும். ஆண்டுக்கு ஒரு தவணை அதிகமாகக் கறந்துவிடுகிறார்கள், அதுவும் மாதக் கணக்கு என்ற பெயரால்!

இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அறியாமலில்லை. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒன்றாவது! அந்த ஒன்றை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, 28 நாள் கடையை அவர்கள் மூடாமல் நடத்துகிறார்கள்.

போகட்டும், கட்டணமாவது கட்டுக்குள் இருக்கிறதா? 2018ஆம் ஆண்டின் இறுதியில், இணைப்பு அறுந்து போகாமலிருக்க 28 நாளைக்கு 35 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அதுவே அநியாயம் என்று அன்று நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 2024 ஜூலையில் ஏர்டெலின் அடிமட்டத் திட்டம் 199 ரூபாய், ஜியோவில் 189. பழைய 35 ரூபாயில் வரம்பில்லாத பேச்சு கிடையாது, உண்மைதான். ஆனால் ஊரிலிருந்து மகன் பேசினால் கேட்டால் போதும் என்றிருக்கிற கிழவிக்கு வரம்பில்லாத பேச்சு எதற்கு? 199ஐ 13ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். வீட்டில் நான்கு பேர் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

வேண்டாமென்றால் விட்டுவிடலாமே என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். எப்படி விடுவது? பாங்கிலிருந்து ரகசிய எண் வருவது அந்தக் கைப்பேசிக்கு. பிராவிடண்ட் பண்டுப் பணத்தை எடுக்க வேண்டுமானாலும் அந்த எண்தான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றபோது, மாடியில் சிக்கியவர் படகு கேட்டுச் சொல்லியனுப்ப இருந்த ஒரே வழியும் அதுவே. அந்த நாட்களில் சென்னையில் கட்டணமின்றிப் பேச ஒரு வாரம் வழிசெய்தது பி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். அதை நாம் மறுக்கவில்லை. டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தை நாமும் மறக்கவில்லை. 1882இல் சென்னையில் முதல் டெலிபோன் நிலையத்தைத் திறந்தது ஓர் ஆங்கிலேயத் தனியார் கம்பெனி. 1943இல் அதை சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1995இல் தனியாருக்கு மறுபடியும் கதவு திறந்தது; ஆர்.பி.ஜி., ஸ்கைசெல் என்று இரண்டு கம்பெனிகள் சென்னைக்குக் கைப்பேசியைக் கொண்டுவந்தன. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் அளவுக்குக் கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு! பின்னால் பல கம்பெனிகள் நுழைந்தன, காசுக் கணக்கில் பேசும் நிலை வந்தது. போட்டியால் ஏழைக்கு நன்மை விளைந்த காலம் அது.

அந்தக் கம்பெனிகள் இன்று எங்கே? ஸ்கைசெல்லை 2000இல் ஏர்டெலின் முதலாளிகள் வாங்கினார்கள். ஆர்.பி.ஜி. 2003இல் ஏர்செல்லுக்குள் போயிற்று. தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த அந்த ஏர்செல்லும் 2018 பிப்ரவரியில் மூச்சை நிறுத்தியது. எண்ணைக் காப்பாற்றி வேறு கம்பெனிக்கு மாற வழி தெரியாமல், கடைகடையாகச் சனங்கள் அலைந்ததை நாம் பார்த்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகக் கொடுத்தபடி இறங்கியதும், சிறிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. இலவசம் நமக்கும் இனித்தது, உண்மை. ஆனால் எதிரில் இருந்த கடைகள் எல்லாம் மூடிய பிறகு இலவசம் எங்கே போயிற்று? இன்று நாட்டின் கைப்பேசி இணைப்புகளில் பத்தில் ஏழுக்கு மேல் இரண்டே கம்பெனிகளின் கையில். மூன்றாவதான வோடபோன் ஐடியாவோ கடனில் தத்தளிக்கிறது.

2024 ஜூன் 27 அன்று ஜியோ விலையேற்றத்தை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல் அறிவித்தது, வோடபோன் ஐடியாவும் அறிவித்தது. ஒரே வாரத்தில் மூன்றும் அமலுக்கு வந்தன. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் மூன்று பேர் இப்படிக் கூடி விலையேற்றினால் கலகம் நடக்காதா? கேட்டதற்கு மத்திய சர்க்கார் அளித்த பதில் என்ன தெரியுமா? சுதந்திரச் சந்தையில் சர்க்கார் தலையிடுவதில்லையாம். கட்டணத்தைக் கம்பெனிகளே தீர்மானித்துக்கொள்ள ஆணையம் விட்டிருக்கிறதாம். உலகத்திலேயே இங்குதான் மலிவாம்! உலகக் கூலியோடு நம் தொழிலாளியின் கூலியை ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று நாம் கேட்கிறோம்.

சந்தையில் சர்க்கார் தலையிடுவதில்லை என்பதும் பொய். தலையிட்டது, தன் சொந்த நிறுவனத்தின் கையைக் கட்டுவதற்கு! தனியார் 4ஜி சேவை 2012 ஏப்ரலில் கல்கத்தாவில் தொடங்கியது. பி.எஸ்.என்.எல்.லுக்கு அதற்கான அலைவரிசை தர முடிவெடுத்தது 2019 அக்டோபரில். 2020இல் விட்ட டெண்டர் சில மாதங்களிலேயே ரத்து. உள்நாட்டுக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். உள்நாட்டுத் தொழில் வளர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தனியார் நோக்கியாவையும் எரிக்சனையும் வாங்கிக்கொள்ளலாம், அரசு நிறுவனம் மட்டும் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? இதற்கிடையே 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வென்று சுமார் 78,000 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். உள்நாட்டு 4ஜி நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. பந்தயம் தொடங்கிப் 13 ஆண்டு கழித்துக் குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறார்கள்!

அப்படியிருந்தும் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலையில் மூவரும் விலையேற்றியபோது பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் அதில் புதிதாகச் சேர்ந்தார்கள். நொண்டிக் குதிரைக்கே இவ்வளவு வரவேற்பு! ஓட விட்டிருந்தால் மூன்று முதலாளிகளும் விலையேற்றத் துணிந்திருப்பார்களா?

பேச்சுக்கு மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் விதி செய்தது. நல்ல விதிதான். ஏர்டெல் என்ன செய்தது? 84 நாளைக்கு 509 ரூபாயாக இருந்த திட்டத்தில் இன்டர்நெட்டை எடுத்துவிட்டு முதலில் 499, பின்பு 469 என்றது. இட்லியில் சட்னியை நிறுத்திவிட்டுக் காலணா தள்ளுபடி! விலைக்கு உச்சவரம்பு இல்லாத விதி இப்படித்தான் முடியும்.

உச்சவரம்பு விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவே கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையை அளிக்கிறது. எனவே நாம் கோருவது புதுச் சட்டமன்று. இணைப்பை உயிரோடு வைத்திருக்க ஆகும் அடிமட்டக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு, எல்லாத் திட்டத்துக்கும் 30 நாள் மாதம், பி.எஸ்.என்.எல். கோபுரங்கள் புறநகரில் பழுதின்றி இயங்கப் போதிய ஆளும் பணமும். இந்த மூன்றையும் இப்போதே செய்யலாம்.

எழுதிப் போட்டு என்ன ஆகும் என்று தோழர்கள் சோர வேண்டாம். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று 2015இல் பேஸ்புக் கம்பெனி வலை விரித்தபோது, லட்சக்கணக்கானோர் ஆணையத்துக்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் அந்தப் பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்தது. ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் கம்பெனிகளின் வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தொழிலாளியின் கடிதம் மட்டும் போவதில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர் கிளைத் தோழர்கள், ஆலை வாசலில் ஒரு மேசை போட்டு, ஆண்டுக்கு எத்தனை தவணை, எத்தனை ரூபாய் என்ற கணக்கை ஒவ்வொருவர் கையெழுத்தோடும் வாங்கி டில்லிக்கு அனுப்பட்டும். தமிழிலேயே எழுதுங்கள், கட்டணத்தை நாம் கட்டும்போது மொழிபெயர்ப்புச் செலவை அவர்கள் ஏற்கட்டுமே.