முதுகுக்குப் பின்னால் ஒரு ரம்பம்

என் தம்பி மகன் அரியாங்குப்பம் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். 24 அடி நீளம், 14 அடி அகலம். போன மாதம் இரண்டாவதாக ஒரு ரம்ப மெஷின் வாங்கினான். மேஜை நடுவில் வட்டப் பிளேடு எழும்பி நிற்குமே, அந்த வகை. "வந்து பாருங்க பெரியப்பா" என்றான். போய்ப் பார்த்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை.

ஒன்றை வாசல் பக்கம் பார்த்தும், மற்றதைப் பின்சுவர் பக்கம் பார்த்தும் போட்டிருக்கிறான். அறுக்கிற இரண்டு பேரும் நடுவில் முதுகோடு முதுகாக நிற்கிறார்கள். நிற்கிற இடம் ஒன்றுதானாம், அதனால் இடம் மிச்சமாம்!

அறுபடும் பலகை எந்தப் பக்கம் பாயும் என்று அவன் யோசிக்கவில்லை. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. பலகை இறுகி அந்தப் பற்களில் மாட்டினால், அறுப்பவனை நோக்கியே பறந்து வரும். பத்து அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். அறுப்பவன் ஒதுங்கி நின்று தப்பினாலும், பின்னால் நிற்பவன் முதுகுக்குக் கண் இல்லையே.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இரண்டு விரல் அகலத் தேக்குச் சட்டம் ஒன்று பறந்து, மறுபக்கம் நின்ற பையன் இடுப்பில் அடித்து, ஒரு வாரம் நீலம் பாரித்துக் கிடந்தது. என் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? திருஷ்டிப் பூசணி உடைத்தான்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் பிரெஞ்சும் இருந்தது. எனக்கு அது ஆங்கிலத்தைவிடச் சுலபம். 'கூத்தோ திவிசேர்' என்று போட்டிருந்தது. அறுத்த பிளவு மூடிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு. எங்கே என்று கேட்டேன். பிளாஸ்டிக் கவரோடு அலமாரியில் இருக்கிறது!

"எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான்" என்கிறான். சட்டமும் அவனை ஒன்றும் கேட்காது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூடப் பொதுவாக, மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் உள்ளே வந்தது. இவனிடம் நாலு பேர். நாலு பேருடைய விலா எலும்பு எலும்பில்லையா?

சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் வாசலைப் பார்த்து. ஒன்று நெடுக அறுக்க, மற்றது குறுக்கே வெட்ட. அறுத்தது விழ முன்னால் ஒரே பொது மேஜை. அறுப்பவர்களுக்குப் பின்னால் 10 அடி, அதற்கப்புறம் வெறும் சுவர். டீ கொண்டு வருகிற பையன்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. எட்டடிப் பலகை தாராளமாகப் போகும். நீளப் பலகையைக் குறுக்கே வெட்டும்போது மட்டும் பக்கத்து ஆள் இரண்டு நிமிஷம் கையைக் கட்டி நிற்க வேண்டும், அது நிஜம்தான். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் அவன் கணக்குப் பார்க்கிறான்.

தகட்டை மாட்டிவிட்டான். மெஷின்கள் இன்னும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி சாக்பீஸோடு போகிறேன்.