பிரீசருக்குள் அவித்த முட்டை வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து, டப்பா டப்பாவாக பிரீசரில் அடுக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. துபாயிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். இங்கே கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும்கூட நடக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். அவித்த முட்டையையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வரவேற்பதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊர் பெங்களூரை நம்பிப் பிழைக்கும் ஊராகிவிட்டது. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் சாம்பியன், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று நின்று நின்று பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடிவதற்கு முன் வண்டி. தையல் ஆலைக்குப் போகிறவர், காவல் வேலைக்குப் போகிறவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர் எல்லாரும் அதில்தான். என் மருமகளும் அந்த வண்டியில்தான் போகிறாள். காலை மூன்றரை மணிக்கு எழுந்து வெங்காயம் நறுக்கு என்று எந்த மாமியார் சொல்வது? இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவள் மறுபடி எத்தனை மணிக்குத் தூங்குவது?

"பிரீசரில் வைத்தது பழையது, உடம்புக்கு ஆகாது" என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். முதல் நாள் மீன் குழம்பை மறுநாள் நக்கி நக்கிச் சாப்பிடுகிறவர்களும் இவர்கள்தான்! குளிர்ச்சியை உடனே கொடுத்து மூடி வைத்த சாப்பாட்டில் கிருமி பெருகாது. ஆனால் ஒன்று, உறைந்த குளிர் கிருமியைத் தூங்க வைக்குமே தவிர கொல்லாது. வெளியே எடுத்து வெதுவெதுப்பானதும் அவை எழுந்துவிடும். ஆகவே பாதி மணி நேரத்துச் சோம்பலையும் இதில் அனுமதிக்க முடியாது.

இனி முட்டைக்கு வருவோம். முட்டை வெள்ளைக் கருவில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். அவிக்கும்போது அதிலுள்ள புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் வெள்ளை மெத்தென்று இருக்கிறது. வீட்டுப் பிரீசரில் அது மெதுவாக உறைகிறது. மெதுவாக உறைந்தால் பனிக்கட்டி ஊசிகள் பெரிதாக வளரும். வலையைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது தண்ணீர் தனியாகக் கசிந்துவிடும். மிஞ்சுவது ரப்பர். மஞ்சள் கருவில் தண்ணீர் பாதிதான், மீதியில் பெரும்பங்கு கொழுப்பு. அதனால் அவித்த மஞ்சள் கரு மட்டும் உறைந்து உருகினாலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. போன மாதம் சோதித்துப் பார்ப்பதற்காகவே நான்கு முட்டை அவித்து, உரித்து, இரண்டை முழுதாகவும் இரண்டில் மஞ்சளை மட்டும் தனியாகவும் வைத்தேன். ஐந்தாம் நாள் முழு முட்டையைச் சூடான குழம்பில் போட்டேன். என் பேரன் ஒரு கடி கடித்துவிட்டு, "பாட்டி, இது அழிப்பான்" என்றான். மஞ்சளை உதிர்த்துப் பொரியலில் தூவியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உணவுத் தொழிற்சாலைகளுக்கும் இது தெரியும். உரித்த அவித்த முட்டையை அவர்கள் பெரும்பாலும் உறைய வைப்பதில்லை, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் போட்டுக் குளிரில் வைத்து விற்கிறார்கள். தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் அன்றைய முட்டையை அன்றே அவிக்கிறார்கள். நமக்கும் அதே வழிதான். குழம்பை மட்டும் உறைய வையுங்கள். வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கிக் கொதிக்க வைத்த முட்டைக் குழம்பு, முட்டையில்லாமல், பிரீசரில் அருமையாக நிற்கும். உருளைக்கிழங்கு போடாதீர்கள், அது மணல் மணலாகிவிடும். தேங்காய்ப் பாலையும் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். காலையில் இட்லித் தட்டின் ஒரு குழியில் மாவுக்குப் பதில் முட்டையை வைத்தால், இட்லி வேகும் நேரத்தில் அதுவும் வெந்துவிடும். கூடுதல் அடுப்பும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. அதற்கும் முடியாதென்றால் ஓட்டோடு அவித்து, ஆறியதும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். ஓட்டை உரிப்பது சாப்பிடும் அன்றைக்கு.

முட்டையில் பிரீசருக்கு ஏற்றது ஒன்று உண்டென்றால் அது பொடிமாஸ். வெள்ளையும் மஞ்சளும் கலந்துவிடுவதால் ரப்பர் ஆவதில்லை. மூன்று முட்டைக்கு அரை ஸ்பூன் சோளமாவைப் பாலில் கரைத்து ஊற்றினால் கசியும் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். கடையில் உறைந்து வரும் ஆம்லெட்டுகளிலும் மாவும் பசையும் சேர்ப்பது இதற்காகத்தான். தக்காளி வேண்டாம். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இறக்கி, அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வைத்தால் போதும். தனிக் கதவுள்ள நல்ல பிரீசரானால் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேலே ஐஸ் தட்டு வைக்கிற அந்தச் சிறிய அறை மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது. அதில் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

கரண்ட் போனால்? சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல்தான். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். வந்தது சுரங்க எந்திரங்களுக்காக என்பதை மெதுவாகச் சொல்வோம். பெருமை இருக்கட்டும், கரண்ட் நீண்ட நேரம் போய் பொட்டலம் முழுக்க இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்துங்கள், அறையின் சூட்டுக்கே வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். மூன்று முட்டைக்காக மூன்று நாள் சம்பளத்தை இழக்க முடியுமா?

சூடாக்குவதிலும் கவனம் வேண்டும். பொடிமாஸை ஆவி பறக்கும் வரை, உள்ளேயும் 74 டிகிரி தொடும் வரை சூடாக்க வேண்டும். இட்லிப் பானையில் மூடி வைத்தால் வறளாது. முழு அவித்த முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. 2017இல் அமெரிக்க ஒலியியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, சுற்றியிருந்த தண்ணீரைவிட மஞ்சள் கரு அதிகமாகச் சூடேறியிருப்பதைக் கண்டார்கள். வெளியே எடுத்து முள்கரண்டியால் குத்தும்போது வெடித்தவையும் உண்டு. முகத்துக்கு நேரே நடக்கும் விபத்து அது.

எனக்குப் பெரிய கவலை டிபன் டப்பாதான். நாலரை மணிக்குக் கட்டிய டப்பாவை ஒரு மணிக்குத் திறந்தால் எட்டரை மணி நேரம். சமைத்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அலுவலகத்தில் பிரிட்ஜும் மைக்ரோவேவும் இருப்பவர்கள் உறைந்த பொடிமாஸை உறைந்தபடியே ஐஸ் பையோடு எடுத்துப் போகலாம். போனதும் பிரிட்ஜில் வைத்தால் மதியம் சூடாக்கிக்கொள்ளலாம். தையல் ஆலைக்கும் காவல் வேலைக்கும் போகிற நம் சகோதரிகளுக்கும் தம்பிகளுக்கும் அந்த வசதி ஏது? அவர்கள் டப்பாவில் முட்டையே வேண்டாம் என்பது என் கருத்து. புளிச்சோறும் வறுத்த வேர்க்கடலையும் போகட்டும். முட்டையை வீட்டிலேயே, ஷூ மாட்டுவதற்கு முன், இட்லித் தட்டிலிருந்து எடுத்த சூட்டோடு உரித்துக் கொடுத்துவிடுங்கள்.