பூட்டைச் செய்தவரே சோதித்தால்

மௌலா அலி என்றால் ஐதராபாத்தின் பழைய குடிகளுக்கு ஒரு குன்றும் அதன்மேல் நிற்கும் தர்காவும் நினைவுக்கு வரும். அறிவியல் துறையினர்க்கு அக்குன்றின் சுற்றுவட்டாரத்தில் உள்ள இரு வளாகங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1967இல் தோன்றிய இ.சி.ஐ.எல். எனும் இந்திய மின்னணுக் கழகம்; மற்றொன்று, 1971இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம். உள்நாட்டுக் கனநீர் உலைகளுக்கான எரிபொருட்கட்டுகள் பின்னதில் உருவாகின்றன. அவ்வுலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளும், நாட்டின் வாக்குப்பதிவு எந்திரங்களில் ஒரு பகுதியும் முன்னதில் உருவாகின்றன. எந்திரங்களின் மறுபகுதியைச் செய்வது பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அயல்நாட்டுக் கருவிகளை நம்பியிராமல் டிராம்பேயின் மின்னணுப் பிரிவிலிருந்து ஏ. எஸ். ராவ் வளர்த்தெடுத்த நிறுவனம் இ.சி.ஐ.எல். அச்சாதனையைக் குறைத்துரைப்பதற்கில்லை. ஆனால் கருவியைச் செய்யும் திறன் வேறு. அது தாக்குதலைத் தாங்குமா என்று ஐயுற்றுச் சோதிக்கும் ஆய்வு வேறு. முன்னது இருப்பதாலேயே பின்னதும் இருப்பதாகக் கொள்வதுதான் இந்திய அறிவியல் நிர்வாகத்தின் நெடுநாள் மயக்கம்.

அம்மயக்கத்தைக் கலைக்க முயன்றவர்க்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஐதராபாத்திலேயே சான்று உண்டு. அந்நகரத் தொழில்நுட்பர் ஹரி பிரசாத், வாக்கு எந்திரத்தின் பலவீனங்களை மெய்ப்பித்துக் காட்ட 2009இல் தேர்தல் ஆணையத்தை நாடினார். வாய்ப்பு அளிக்கப்பட்டு, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் அறிவுசார் சொத்துரிமை. மறு ஆண்டு, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் மூலம் கிடைத்த எந்திரத்தை அவரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மனும், நெதர்லாந்தின் ராப் கோங்ஃகிரைப்பும் பிறரும் ஆராய்ந்தனர். எண்ணிக்கையைக் காட்டும் பலகையை அதே தோற்றமுள்ள போலிப்பலகையால் மாற்ற இயலும் என்றும், நினைவகச் சில்லின்மேல் சிறு கருவியைப் பொருத்தி உள்ளிருக்கும் வாக்குகளை மாற்ற இயலும் என்றும் காட்டினர். 2010 ஆகஸ்ட் 21 அன்று எந்திரத் திருட்டு வழக்கில் ஹரி பிரசாத் ஐதராபாத்தில் கைது செய்யப்பட்டு மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்தே பிணை கிடைத்தது. அதே அக்டோபரில் அவ்வாய்வுக் கட்டுரை சிகாகோவில் கணினிப் பாதுகாப்புத் துறையின் முதன்மை மாநாடுகளுள் ஒன்றில் வாசிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தத் தேர்தலும் திருத்தப்பட்டதாக அக்கட்டுரை மெய்ப்பிக்கவில்லை. எந்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்ய இயலும் என்பதையே அது காட்டியது. முத்திரைகளும் கட்சி முகவர்களின் கண்காணிப்பும் அதைத் தடுக்கும் என்பது ஆணையத்தின் விடை. அவ்விடை சரியாகவே இருக்கலாம். ஆயின் சரியா என்பதை அறியும் வழி மறுசோதனை, கைது அன்று. வாக்காளர் தம் வாக்கைத் தாளில் சரிபார்க்கும் ஏற்பாடு தேவை என 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று வெளியார் சொன்னபோது அது அவதூறாகத் தெரிந்ததே, அதுதான் வேடிக்கை.

அணுசக்தித் துறையின் கீழ் நிலைமை இதனினும் இறுக்கம். மௌலா அலியின் இரு வளாகங்களும், கூடங்குளத்தை இயக்கும் அணுமின் கழகமும் அதே துறையைச் சார்ந்தவை. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தியங்குவதால் இணையத் தாக்குதல் இயலாது என நிலைய நிர்வாகம் அறிவித்தது. மறுநாளே அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றும், அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அதை செப்டம்பர் 4 அன்றே தெரிவித்தது என்றும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான கணினி. உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு தீண்டப்படவில்லை என்றது. அது உண்மையாகவே இருக்கட்டும். அதைக் கழகத்தின் சொல்லன்றி வேறு எவர் சொல்லாலும் உறுதிப்படுத்த வழியில்லை என்பதே குறை. இணைப்பில்லாமையே காப்பு எனும் நம்பிக்கையும் 2010இலேயே உடைந்தது. ஈரானின் நதான்ஸில் ஸ்டக்ஸ்நெட் நுழைந்தபோது, அந்நிலையமும் இணையத்தோடு இணைந்திருக்கவில்லை.

சட்டமும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. உயிர்நாடித் தகவல் கட்டமைப்புகளைக் காக்க 2014இல் அமைக்கப்பட்ட தேசிய மையம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற உளவு அமைப்பொன்றின் கீழ் இயங்குகிறது. 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பும் அவ்வட்டவணையில் சேர்ந்தது. ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என அறிவிக்கப்பட்டதை அனுமதியின்றி அணுகினால் பத்தாண்டு வரை சிறை. நன்னோக்க ஆய்வாளர்க்கு அப்பிரிவில் விலக்கு இல்லை.

வெளியார் கண்டால் பகைவரும் காண்பர் என்பது வழக்கமான வாதம். திறவுகோலைத் தவிர மற்றனைத்தும் பகைவனுக்குத் தெரியும் என்று கொண்டே காப்பை அமைக்க வேண்டும் என 1883இலேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2007இல், தொலைவிலிருந்து ஏவிய கட்டளைகளால் ஒரு பெரிய டீசல் மின்னாக்கி தன்னைத் தானே சிதைத்துக்கொள்வதைச் செய்து காட்டியது. அதையும் முதலில் மறைத்தே வைத்தனர். அமெரிக்காவும் புனித பூமியன்று. எனினும் உடைத்துப் பார்ப்பதே ஆய்வகத்தின் கடமை என்று அங்கே ஏற்கப்பட்டது. 2017இல் வாக்கு எந்திரங்களை டெஃப்கான் மாநாட்டில் விரும்பியோர் பிரித்தே பார்த்தனர்.

இந்தியக் கல்விப்புலம் இதில் வாளாவிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் சி3ஐ மையம் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாக்கிப் பார்க்கும் சோதனைக்களத்தை அமைத்திருப்பது நல்ல விதிவிலக்கு. மற்றபடி ஹரி பிரசாத்தின் கைதுக்கு எத்தனை கணினியியல் துறைகள் வாய் திறந்தன? வல்லுநர் குழுவில் இடம்பெற்று எந்திரத்துக்குச் சான்றளிக்கப் பேராசிரியர்கள் கிடைத்தனர். சான்றை எதிர்த்துச் சோதிக்கும் உரிமையை உரத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

அவ்வுரிமையைத் தொடங்கிவைக்கப் பெரும் நிதியோ புதுச் சட்டமோ வேண்டியதில்லை. பதினைந்தாண்டு ஆயுள் முடிந்த வாக்கு எந்திரங்கள் தயாரித்த தொழிற்சாலைக்குள்ளேயே கண்காணிப்பின்கீழ் அழிக்கப்படுகின்றன. அவற்றுள் பத்தையேனும், எழுத்துவழி அனுமதியோடு, எந்த நிறுவனத்தையும் சாராத பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அனுப்பலாம். கண்டறிந்ததை ஆறு மாதம் கழித்து வெளியிடலாம் என்ற ஒரு நிபந்தனை போதும்.