லோயர் கடிதம் வந்தால் கையெழுத்தை வாபஸ் வாங்கணுமா?

லோயர் கடிதம் என்றாலே நம் தோட்டத்து வீடுகளில் ஒரு நடுக்கம். மேலே கோலாலம்பூர் முகவரி, உள்ளே ஆங்கிலத்தில் நாலு பக்கம், கடைசியில் "7 நாளில் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் மானநஷ்ட வழக்கு" என்ற மிரட்டல். வீட்டு மனுவிலும் ஆலைப் புகை மனுவிலும் கையெழுத்துப் போட்டவர்கள் மறுநாளே "என் பேரை எடுத்துடுங்க சார்" என்று வந்து நிற்கிறார்கள். உலு யாம் முதல் கோலசிலாங்கூர் வரை இதுதான் கதை. வழக்கு கோர்ட் படியையே மிதிக்கவில்லை. அனுப்பியவரின் காரியம் மட்டும் முடிந்துவிடுகிறது.

கோலகுபு பாருவிலிருந்து மலைச்சாலையைத் தாண்டினால் ரவூப். அங்கே புக்கிட் கோமான் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் 2009 முதல் சயனைட் பயன்படுத்தியது. தோல் அரிப்பு, கண் எரிச்சல் என்று ஊர் மக்கள் முறையிட்டார்கள். போராட்டக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் இதை வெளிப்படையாகப் பேசினார். நிறுவனம் அவர் மீது மானநஷ்ட வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டிலும் தோற்றது. 2019-இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றது. அதற்குள் நிறுவனமே கடனில் மூழ்கிக் கலைப்புக்குப் போயிருந்தது!

ஆனால் இதே சயனைட் விவகாரம் பற்றி 2012-இல் கட்டுரையும் காணொளியும் வெளியிட்ட மலேசியாகினி தப்பவில்லை. உயர் நீதிமன்றத்தில் வென்றது, 2018-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2021 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்தத் தோல்வியை உறுதி செய்தது. நஷ்ட ஈடும் செலவுத் தொகையும் சேர்த்து 5 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி. வாசகர்கள் நன்கொடை கொடுத்துக் காப்பாற்றினார்கள். பேசியவர் ஜெயித்தார், செய்தி போட்டவர் தோற்றார். இப்படியிருந்தால் நாளைக்கு எந்தப் பத்திரிகை நம் தோட்டத்துக்கு வரும்?

நமது 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் வெள்ளைக்காரன் சட்டத்தின் பிள்ளை. தாய் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? லண்டனில் துண்டுப் பிரசுரம் கொடுத்த இரண்டு சாதாரண ஆட்கள் மீது மெக்டோனல்ட்ஸ் வழக்குப் போட்டது. ஒருவர் தோட்டவேலை செய்தவர், மற்றவர் முன்னாள் தபால்காரர். வக்கீல் வைக்க வழியில்லாமல் 313 நாள் அவர்களே வாதாடினார்கள். 1997-இல் வந்த தீர்ப்பு பெரும்பகுதி நிறுவனத்துக்குச் சாதகம்தான். ஆனால் சில குற்றச்சாட்டுகள் உண்மை என்றும் நீதிபதி சொன்னார். சட்ட உதவி தராமல் இவர்களை மோதவிட்டது அநியாயம் என்று 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டிஷ் அரசைக் கண்டித்தது. 2013-இல் இங்கிலாந்து சட்டத்தையே மாற்றியது. இலாபத்துக்கு நடக்கும் நிறுவனம் வழக்குப் போட்டால், தனக்குக் கடுமையான பண நஷ்டம் வந்தது அல்லது வரக்கூடும் என்று காட்ட வேண்டும். அரசாங்க அமைப்பு மானநஷ்டம் கேட்க முடியாது என்று அங்கே 1993-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நம் கூட்டரசு நீதிமன்றமோ 2018-இல், சரவாக் வழக்கில், மாநில அரசாங்கம் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கும் அரசாங்கத்துக்கும் இங்கேயும் அதே கடிவாளம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலிக்காரனுக்குச் சொத்து என்று இருப்பது அவன் பெயர்தான். ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வாயால் அவதூறு பேசினாலே, நஷ்டத்தை நிரூபிக்காமல் அவர் வழக்குப் போடலாம் என்று நமது சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே நாம்தான் கோயில் கமிட்டிக் கணக்குச் சண்டையில், ரசீது ஒன்றையும் பார்க்காமல், "தலைவர் திருடன்" என்று வாட்ஸாப்பில் தட்டிவிடுகிறோம். "கணக்கைக் காட்டுங்கள்" என்பது உரிமை. "திருடன்" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

போலீஸ் புகாரில் எழுதியதற்காக மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பொய்ப் புகார் குற்றம், அது வேறு. ஆனால் அந்தப் புகாரைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

கடைசியாக ஒன்று. லோயர் கடிதம் வேறு, கோர்ட் அனுப்பும் ரிட் வேறு. கடிதம் வந்தால் பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போனிலும் பதில் பேசாதீர்கள். உறையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். ரிட் வந்தால் 14 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் ஆஜர் பத்திரம் பதிய வேண்டும். அலமாரியில் போட்டு வைத்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.