நாட்டுப்புறத்தைப் பாட யாருக்கு உரிமை?

ஆஸ்திரேலியாவில் ‘புஷ் கவிதை’ என்றொரு வகை உண்டு. நகரங்களுக்கு அப்பாலுள்ள காடு, மேய்ச்சல் நிலம், வறண்ட வெளி எல்லாவற்றுக்கும் அங்கே ‘புஷ்’ என்றுதான் பெயர். அடியிறுதியில் இயைபும் சீரான சந்தமும் அமைய, அந்நாட்டு வாழ்வைப் பாடுவதே புஷ் கவிதை என்று இன்றும் இலக்கணம் சொல்கிறார்கள். அங்கேயே வாழ்பவர்தாம் பாட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

1892-ல் சிட்னியின் ‘புல்லட்டின்’ இதழில் இரு கவிஞர்கள் செய்யுளிலேயே வாதம் செய்தார்கள். பாஞ்சோ பேட்டர்சன் குதிரை வீரர்களையும் விரிந்த வெளியையும் போற்றினார். ஹென்றி லாசனோ வறட்சியையும் தனிமையையும் எடுத்துக்காட்டினார். வேடிக்கை என்னவென்றால், நாட்டுப்புறத்தில் வளர்ந்த அவ்விருவருமே அப்போது சிட்னிவாசிகள்; பேட்டர்சன் அங்கே வழக்கறிஞர். அவ்வாண்டின் பிற்பகுதியில் லாசன் உள்நாட்டு ஊரான போர்க் சென்று, அங்கிருந்து கடுங்கோடையில் ஹங்கர்போர்டு வரை நடந்தே போய்த் திரும்பினார்.

பத்து டாலர் நோட்டில் 1966-ல் லாசன் படமும், 1993-ல் பேட்டர்சன் படமும் இடம்பெற்றன. நாடு இருவரையும் தன் கவிஞராக ஏற்றுக்கொண்டது. ஆகவே கவிஞரின் விலாசத்தைக் கேட்க வேண்டியதில்லை. மண்ணை அறிந்து மெய்யாகப் பாடுகிறாரா என்று கேட்டால் போதும்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கும் இது பொருந்தும். விழா மேடையில் நம் ஊரின் பசும் வயலைத் தாராளமாகப் பாடுவோம். வற்றிய கிணற்றையும் மறவாமல் பாடுவோம். நம்மில் பலரை இங்கே அனுப்பி வைத்தது அதுதானே!