கூத்துக் களரியும் செத்துப்போன மருந்தும்

படுவான்கரையில் ஒரு ஊர்க் கூத்து. இரவு பத்துக்குத் தொடங்கி விடியக்காலம் அஞ்சரைக்குத்தான் முடிஞ்சுது. நாங்கள் நாலு பேர், ரெண்டு பழைய கமரா, நாலு றோல் எச்பி5. ஐஎஸ்ஓ 400 பிலிமை 1600 எண்டு வைச்சு எடுத்தம். பல்பு வெளிச்சத்தில 60இல ஒரு செக்கனுக்கு மேல போக ஏலாது. ஆட்டக்காரன் சுத்துற வேகத்துக்கு அதுவே காணாது. இருந்தும் அண்டைக்கு நல்ல படம் விழுந்திருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும். மத்தளத்தோட நிண்ட அண்ணாவியார் ஒருக்கா கண்ணை மூடித் தலையைச் சரிச்சார், அந்த நேரம் கமரா கையில ரெடியா இருந்தது.

ஒரு கிழமைக்குப் பிறகு முதல் ரெண்டு றோலையும் கழுவினம். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கு. அண்ணாவியார் இல்லை, களரி இல்லை.

முதல்ல கமராவைத்தான் திட்டினம். பிறகுதான் பிலிமின்ர ஓரத்தைப் பார்த்தம். ஓரத்தில கொம்பனி அடிச்சு விடுற எழுத்தும் இலக்கமும் கமராவுக்குச் சம்பந்தமில்லாதது, தொழிற்சாலையிலேயே வெளிச்சம் பட்டது. படம் இல்லாம அந்த எழுத்து மட்டும் கறுப்பா இருந்தா பிழை கமராவில, அல்லது எடுத்த ஆளில. எழுத்தும் இல்லையெண்டா பிழை மருந்தில. எங்கட பிலிமில எழுத்து மூச்சு விட்ட மாதிரித்தான் தெரிஞ்சுது. மருந்து செத்துப்போச்சு. ரெண்டு மாதத்துக்கு முதல் கரைச்சு, அரைவாசி முடிஞ்ச சோடாப் போத்தலில, குசினித் தட்டில, சித்திரை வெயிலுக்குள்ள வைச்ச மருந்து. பிளேன்ரீ நிறத்தில இருந்தது. நாங்களும் பார்த்திட்டுத்தான் ஊத்தினம்!

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அந்த ரெண்டு றோல்தான். பிலிமில ஆசைப்படுற பொடியன் பெட்டையள் இஞ்ச கொஞ்சம் கூடியிருக்கினம், நல்ல விசயம். ஆனா கதைக்கிறதெல்லாம் எந்த டெவலப்பரில மணி சின்னனா வரும், எதில கறுப்பு ஆழமா வரும் எண்டுதான். அது இருபது பாகையில குழாய்த் தண்ணி வாற ஊர்க்காரரின்ர வாதம். எங்கட கூரைத் தாங்கியில மத்தியானம் வாற தண்ணியில ரீ போடாத குறை. எங்களுக்கு முதல் கேள்வி, இந்த மருந்து எங்கட வீட்டில எத்தனை நாள் உயிரோட இருக்கும் எண்டதுதான்.

அப்படிப் பார்த்தா பட்டியல் தலைகீழாகும். எக்ஸ்ரோல் அருமையான மருந்து, மறுக்கல்ல. ஆனா கோடாக்கின்ர பக்கெற்றை அஞ்சு லீற்றரா ஒரேயடியாக் கரைக்க வேணும். அதோட அது சாகேக்க நிறம் மாறிக் காட்டாது, சொல்லாமச் செத்துப்போகும். வருசத்துக்குப் பத்துப் பதினஞ்சு றோல் கழுவுற ஆக்களுக்கு அது ஆகாது. ரொடினல் 1891இல காப்புரிமை வாங்கின கிழவன், திறந்த போத்தலிலயும் வருசக்கணக்கில கிடக்கும். ஆனா அதில வேகம் குறையும், மணி பெருக்கும். பகல் வெளிச்சத்தில வாவியையும் தோணியையும் எடுக்க வைச்சிருக்கலாம், இரவுக் கூத்துக்கு வேண்டாம். எச்சி-110 பாணி மாதிரி இருந்த காலத்தில நீண்டநாள் கிடந்தது. 2019இல செய்முறையை மாத்தின பிறகு அந்தப் பழைய நம்பிக்கையை அப்படியே வைக்க ஏலாது.

எங்கட தெரிவு சாதாரணமானது. பகலுக்கு ஐடி-11, அல்லது அதின்ர சகோதரம் டி-76. இரவுக்கு மைக்ரோஃபென். ரெண்டும் ஒரு லீற்றர் பக்கெற்றா வரும். தூள் பக்கெற் திறக்காத வரைக்கும் பொறுமையாக் கிடக்கும், கரைச்ச பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும். அதால மருந்தைக் கரைச்சு வைச்சிட்டு றோலுக்குக் காத்திருக்காம, றோலைச் சேர்த்து வைச்சிட்டுக் கரைக்கிறம். எடுத்த றோல் டப்பாவுக்குள்ள, டப்பா இறுக்கி மூடின பைக்குள்ள, பை பிறிட்ஜுக்குள்ள. அஞ்சாறு றோல் சேர ஒரு கிழமைக்குள்ள எல்லாத்தையும் கழுவி முடிக்கிறது. பிறிட்ஜால எடுத்த உடன டப்பாவைத் திறக்கப்படாது, ஈரம் பிடிக்கும். காசு மிச்சம் பிடிக்கிறம் எண்டு பக்கெற்றில பாதியை மட்டும் கரைக்கவும் வேண்டாம், தூளுக்குள்ள சாமான் சமமாக் கலந்திருக்காது.

1600 எண்டு வைக்கிறது பாதி உண்மைதான். பிலிமின்ர வேகம் கூடுறதில்லை. வெளிச்சம் பட்ட இடத்தைக் கூடநேரம் கழுவி இழுத்தெடுக்கிறம், வெளிச்சம் படாத நிழலில ஒண்டும் முளைக்காது. மைக்ரோஃபென்னில உள்ள பெனிடோன் அந்த நிழலில கொஞ்சம் கூடுதலா மீட்டுத்தரும், அதுக்குத்தான் அதைச் சொல்றம். 3200 எண்டு பெயரிட்டு விக்கிற இல்ஃபோர்ட் டெல்ராவுக்கும் கொம்பனி சொல்ற உண்மையான வேகம் 1000தான். ஆகவே ஆட்டக்காரரின்ர முகத்துக்கு அளந்து எடுங்க, களரியின்ர இருட்டை இருட்டா விடுங்க.

இனிச் சூடு. மைக்ரோஃபென்னில 1600க்கு இருபது பாகையில 11 நிமிடம். 24 பாகையில அது ஏழரைக்குக் கிட்ட வரும், பரவாயில்லை. ஆனா ஐடி-11ஐ நேரா ஊத்தி 400இல கழுவினா இருபது பாகையிலேயே ஏழரை நிமிடம்தான். முப்பது பாகையில மூண்டு நிமிடத்தையும் எட்டாது, ஊத்தி முடியிறதுக்குள்ள படம் திட்டுத் திட்டா வந்திடும். அதால சம அளவு தண்ணி கலந்து ஐதாக்கிறம். நேரம் 13 நிமிடமா நீளும், சூட்டுக்குக் குறைச்சாலும் கைக்குள்ள நிக்கும். நாங்கள் கழுவிறது விடியக்காலம், முதல் நாள் இரவே அள்ளி மண்பானையில வைச்ச தண்ணியில. மிச்சச் சூட்டுக்கு ஐஸ் கட்டியைப் பையில கட்டி, போத்தல் நிக்கிற வாளிக்குள்ள போடுறம். மருந்துக்குள்ள நேர போடாதீங்க. பிக்ஸர், கழுவுற தண்ணி எல்லாம் அதே சூட்டிலதான் இருக்க வேணும். மருந்து கரைக்கிறதுக்குக் கிணத்துத் தண்ணியை நம்பாம பற்றறிக்கு ஊத்துற தண்ணி வாங்குறம்.

சேமிக்கிறதில எதிரி காத்து. ஒரு லீற்றரை ஒரே போத்தலில வைச்சா ஒவ்வொரு முறை ஊத்தேக்கையும் காத்து உள்ள போகும். கபில நிற மருந்துப் போத்தல், கண்ணாடி, 250 மில்லி, நாலு. கழுத்து வரை நிரப்பி இறுக்க வேணும். நிறைஞ்ச போத்தலுக்குக் கொம்பனி ஆறு மாதம் சொல்லும். இந்த வெக்கைக்கு நாங்கள் மூண்டுக்கு மேல நம்பிறதில்லை. குறைஞ்ச போத்தலுக்குள்ள கழுவின போளை போட்டு மட்டத்தை உயர்த்தலாம். சின்ன வயசில சேர்த்த போளைக்கு இப்பதான் ஒரு வேலை வந்திருக்கு. கரைச்ச மருந்தைப் பிறிட்ஜில வைச்சா பளிங்கு மாதிரிப் படியும், அதோட வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கும். வேண்டாம். சாராயப் போத்தல், சோடாப் போத்தலில வைக்கவே வைக்காதீங்க. திகதியை எழுதி ஒட்டுங்க. ஒவ்வொரு முறையும் பிலிமின்ர நுனியில ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே மருந்துக்குள்ள போட்டுப் பாருங்க. சில நிமிடத்தில கரியாக் கறுக்க வேணும். கறுக்காட்டி றோலைத் தொடாதீங்க. இந்தத் துண்டு வேலையை நாங்கள் அண்டைக்குச் செய்திருந்தா அண்ணாவியார் இப்ப எங்களிட்ட இருந்திருப்பார்.

போனில எடுக்கிறதுக்கென்ன எண்டு கேக்கினம். எடுங்க, நாங்களும் எடுக்கிறம். பிலிம்தான் அழியாது எண்டு சொல்ற ஆக்கள் இந்த ஊரில இருக்க ஏலாது. 1978 நவம்பர் சூறாவளி, 2004 சுனாமி, நடுவில யுத்தம். எங்கட எத்தனை வீட்டில அம்மம்மாவின்ர கலியாணப் படம் இருக்கு? ஆனா 36 படம்தான் எண்டா எட்டு மணித்தியாலக் கூத்தை உண்மையாவே பார்க்க வேண்டி வருது. எந்தத் தருவுக்கு ஆட்டம் வேகமெடுக்கும், எந்த இடத்தில ஆட்டக்காரன் அண்ணாவியாரைத் திரும்பிப் பார்ப்பான் எண்டு தெரிய வேணும். போன் வைச்சிருந்த இரவுகளில எங்களுக்கு அது தெரியல்ல.

பாவிச்ச மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்வளவு வானால விட்டா அது மழையோட வாவிக்குத்தான் போகும். டெவலப்பரில ஹைட்ரோகுயினோன், பிக்ஸரில கரைஞ்ச வெள்ளி, ரெண்டும் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. பிக்ஸரைக் கானில சேர்த்து, இரும்புத் தும்பு போட்டு வைச்சா வெள்ளி அடியில படியும். எங்களிட்ட இப்ப ஒரு கான் நிறைஞ்சு கிடக்கு, அதை எங்க குடுக்கிறது எண்டு விசாரிச்சுக்கொண்டிருக்கிறம்.

மிச்ச ரெண்டு றோலும் இன்னும் பிறிட்ஜில. புது மைக்ரோஃபென் பக்கெற் வந்திட்டுது. இந்த ஞாயிறு விடியக்காலம் கழுவுறம்.